நாமா, நாங்களா?

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவரை எல்லாரும் ‘அகராதி’ என்றுதான் கூப்பிடுவார்கள். போன வருஷம் ஒரு நாள் சாப்பாட்டு வேளையில் அவர் கையில் குட்டிப் புத்தகம் ஒன்று இருந்தது. துணி உலர்த்தும் பகுதிக்காரர் எட்டிப் பார்த்து, “என்னய்யா அது?” என்று கேட்டார். “அகராதிங்க” என்றார் இவர். “உனக்கு அகராதி பிடிச்சிருக்குன்னு இத்தனை நாளா எங்களுக்குத் தெரியாமப் போச்சே!” என்றார் அவர். கூடமே சிரித்தது. அன்றோடு பெற்றவர்கள் வைத்த பேர் போயிற்று.

உண்மையைச் சொன்னால் அவரைவிட அகராதி பிடிக்காத மனிதரை அந்தக் கட்டடத்திலேயே பார்க்க முடியாது. பஸ்ஸில் யாராவது இவர் காலை மிதித்தால் இவர்தான் மன்னிப்புக் கேட்பார். வயது ஐம்பத்து நாலு. கல்யாணம் என்று ஒன்று நடக்கவில்லை. நடக்கவிடாமல் யாரும் தடுக்கவும் இல்லை. தங்கைக்கு முடியட்டும் என்று இருந்தார், அவளுக்கு முடிந்தபோது இவருக்கு வயது போய்விட்டது, அவ்வளவுதான்.

அவருடைய வேலை விரிப்பு மடிப்பது. துணி தேய்க்கும் சூட்டு உருளையிலிருந்து வெளியே வரும் படுக்கை விரிப்பை இந்தப் பக்கம் இரண்டு முனை இவர் பிடிப்பார், அந்தப் பக்கம் இரண்டு முனை இன்னொருவர். ஒரு உதறு, பாதியாக ஒரு மடிப்பு, இன்னொரு மடிப்பு. பிறகு இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்து நடந்து வந்து முனையைக் கையில் கொடுக்க வேண்டும். ஒரு நாளைக்கு முந்நூறு தடவை இப்படிக் கிட்டே வருவதும் விலகிப் போவதுமாக இருக்கும். எதிர்முனை பிடிப்பவள் நாற்பது வயதுக்காரி. வாய் மூடாமல் பேசுவதால் அவளுக்கு ‘ரேடியோ’ என்று பேர். கிட்டே வரும்போது ஒரு வார்த்தை, விலகும்போது ஒரு வார்த்தை என்று பேசியே ஷிப்டை ஓட்டிவிடுவாள்.

“அண்ணே, அந்தக் காகிதத்தைக் கொடுத்தீங்களா இல்லையா?”

“இல்லம்மா. திங்கக்கிழமை வரைக்கும் நேரம் இருக்கு.”

அந்தக் காகிதம் நாலு நாளாக அவர் சட்டைப் பையில் இருந்தது. நகர நூலகத்தில் வேலைக்குப் போகிறவர்களுக்காகச் சாயங்கால மொழி வகுப்பு நடத்துகிறார்கள். ஒருவருக்கு ஒரு வருஷத்தில் ஒரு மொழிதான். அடுத்த வருஷம் எது என்று படிவத்தில் கோடு போட்டுக் கொடுக்க வேண்டும். ஜெர்மன் இரண்டாம் வருஷம், பிரெஞ்சு, ஜப்பானியம், மலாய் என்று நாலு கட்டம். இவர் ஜெர்மன் முதல் வருஷம் முடித்தவர். இடையில் விட்டுவிட்டு வேறு மொழிக்குப் போனால், திரும்பி வரும்போது மறுபடியும் முதலிலிருந்துதான் தொடங்க வேண்டும். அப்படித் தொடங்கத் தனக்குத் தெம்பு இருக்காது என்று அவருக்குத் தெரியும். ஆகவே கோடு எந்தக் கட்டத்தில் விழுகிறதோ, அதோடு ஒரு குழந்தையின் பேச்சு அவருக்கு உண்டா இல்லையா என்பதும் முடிவாகிவிடும்.

அந்தக் குழந்தை அவருடைய தங்கை மகள். எட்டு வயது. தங்கை நர்ஸ் வேலைக்கு ஜெர்மனி போய், அங்கேயே அந்த ஊர்ப் பையனைக் கட்டிக்கொண்டு, ஒரு பெண்ணும் ஒரு பிள்ளையுமாக இருக்கிறாள். நல்ல பெண்தான். ஞாயிறு தவறாமல் போன் செய்வாள். ஆனால் பிள்ளைகளுக்குத் தமிழ் வரவில்லை. அந்தப் பெண் குழந்தைக்குத் தெரிந்த தமிழ்ச் சொல் ஒன்றே ஒன்று, ‘மாமா’. அதிலும் ஒரு வம்பு. அந்த ஊர் மொழியில் ‘மாமா’ என்றால் அம்மா. பள்ளிக்கூடத்தில் இவள் பெரிய மீசை வைத்த ஆளைப் படம் போட்டுக் கீழே ‘மாமா’ என்று எழுதப் போக, “உங்க அம்மாவுக்கு இவ்வளவு மீசையா?” என்று பிள்ளைகள் கேட்டுச் சிரித்திருக்கிறார்கள். இவள் அழவில்லையாம். “ஆமாம், எனக்கு ரெண்டு மாமா. ஒண்ணு மீசை வெச்சது” என்றாளாம். தங்கை இதைச் சொன்ன அன்றைக்கு அவர் கடவுள் படத்துக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். என்ன வேண்டிக்கொள்வது என்று தெரியவில்லை. நன்றி மட்டும் சொல்லிவிட்டு வந்தார்.

போனில் குழந்தை நாலு நிமிஷம் விடாமல் பேசும். “என்னம்மா சொல்றா?” என்று கேட்டால் தங்கை, “ஒண்ணுமில்லண்ணா, ஸ்கூல்ல நடந்ததைச் சொல்றா” என்பாள். நாலு நிமிஷப் பேச்சு ஒரு வரியாகிவிடும். மிச்சம் எங்கே போகிறது என்ற தவிப்பில்தான் அவர் நூலகத்தின் படியேறினார். அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர் பெஞ்சில் உட்கார்ந்தார். வீட்டில் ஒவ்வொரு பொருள் மேலும் அதன் ஜெர்மன் பேரை எழுதி ஒட்டினார். கதவு, ஜன்னல், அடுப்பு, தட்டு, கட்டில், நாற்காலி. நாற்காலி ஒன்றுதான். பதினேழு சீட்டு ஒட்டியதும் வீடு தீர்ந்துபோயிற்று. பதினெட்டாவதாக எழுத அந்த வீட்டில் ஒன்றுமில்லை.

போன பங்குனி வாக்கில் குழந்தை கைப்பட எழுதிய கடிதம் ஒன்று தபாலில் வந்தது. அகராதியை இரண்டே தடவை புரட்டி, முழுக்கத் தானே படித்தார். படித்ததைத் தமிழில் எழுதியும் வைத்தார்:

‘அன்புள்ள மாமா, கோடையில் நாம் கடலுக்குப் போகிறோம். கடல் பக்கத்தில் ஒரு வீடு. அதில் ஐந்து படுக்கை. ஒன்று ஜன்னல் ஓரம். படுத்துக்கொண்டே கடலைப் பார்க்கலாம்.’

நாம்! அவர் விரல் விட்டு எண்ணினார். தங்கை, மாப்பிள்ளை, பெண், பிள்ளை. நாலு பேர். படுக்கை ஐந்து. ஐந்தாவது யாருக்கு என்று யாராவது சொல்ல வேண்டுமா? அடுத்த ஞாயிறு போனில் குழந்தையிடம், தனக்குத் தெரிந்த ஜெர்மனில், “நாம் கடலுக்குப் போகிறோம்!” என்றார். அவளும் “போகிறோம்! போகிறோம்!” என்று கத்தினாள். இதற்கு மேல் என்ன உறுதி வேண்டும்?

பாஸ்போர்ட் எடுத்தார். சூப்பர்வைசரிடம் மூன்று வாரம் லீவு எழுதிக் கொடுத்தார். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் கேட்ட முதல் நீண்ட லீவு. சூப்பர்வைசர் நிமிர்ந்து பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் கையெழுத்துப் போட்டார். ரேடியோதான் விடவில்லை.

“கடலுக்கு வேட்டி கட்டிக்கிட்டா போவீங்க? அலை அடிச்சா வேட்டி ஒரு பக்கம், நீங்க ஒரு பக்கம். அரைக்கால் சட்டை வாங்குங்கண்ணே.”

“இந்த வயசுலயா?”

“அந்த ஊர்ல எழுபது வயசுக்காரரே அதைத்தான் போடறாராம். டிவியில பார்த்தேன்.”

வாங்கினார். நீல நிறம். வீட்டில் கதவைத் தாழ் போட்டுவிட்டு ஒரு தடவை போட்டுப் பார்த்தார். விசாவுக்கு அழைப்புக் கடிதம் வேண்டும் என்று சொன்னார்கள். அதைத் தங்கை அனுப்புவாள், அனுப்புகிறபோது அனுப்புவாள், நாமாகக் கேட்டால் நன்றாக இருக்காது என்று இருந்துவிட்டார்.

இரண்டு ஞாயிறுக்கு முன்னால் தங்கை சொன்னாள்: “அண்ணா, அடுத்த மாசம் மூணு வாரம் போன் பண்ண முடியாது. நாங்க கடல் பக்கம் போறோம். அங்க சிக்னலே கிடைக்காது. அவரோட அம்மாவும் வர்றாங்க. நீ உடம்பைப் பார்த்துக்கோ.”

நாங்க.

தமிழில் ஒரே ஒரு எழுத்துக்கூட வீணாகப் போகாத சொல் அது. கேட்டவுடனே வாசற்படி எங்கே இருக்கிறது, தான் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று தெரிந்துவிடுகிறது. அவர், “நல்லதும்மா. பிள்ளைங்களைத் தண்ணிகிட்ட தனியா விடாதே” என்றார். போனை வைத்துவிட்டு, கடிதத்தை எடுத்து மறுபடி பார்த்தார். அதில் இருந்த சொல் ‘வீர்’. வகுப்பில் முதல் வாரமே எழுதிப் போட்டது: வீர் என்றால் நாம். நோட்டில் அப்படித்தான் இருந்தது.

லீவை ரத்து செய்யலாமா என்று கேட்டார். பதில் ஆள் போட்டாயிற்று, முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

வகுப்பின் கடைசி நாளன்று எல்லாரும் போன பிறகு அவர் நின்றார். டீச்சருக்கு முப்பது வயது இருக்கும். பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“டீச்சர், ‘வீர்’னா நாமா, நாங்களா?”

டீச்சர் கையில் துடைப்பானோடு நின்றுவிட்டாள். “ரெண்டுக்கும் அதுதான் சார். அவங்களுக்கு அந்த வித்தியாசம் கிடையாது.”

“அப்ப எதிர்ல நிக்கிறவனைச் சேர்த்துச் சொல்றாங்களா, விட்டுட்டுச் சொல்றாங்களான்னு அவனுக்கு எப்படித் தெரியும்?”

“பேச்சுல தெரிஞ்சுடும். இல்லன்னா கேட்டுக்க வேண்டியதுதான். ஏன் சார்?”

“சும்மாதான். ரெண்டையும் தனித்தனியா வெச்சிருக்கிற பாஷை வேற இருக்கா?”

“மலாய்ல இருக்குன்னு அந்த வகுப்பு டீச்சர் சொல்லியிருக்காங்க. நாம்னா ‘கித்தா’, நாங்கன்னா ‘காமி’.”

கித்தா, காமி. வீடு போய்ச் சேரும்வரை சொல்லிக்கொண்டே போனார். யாரும் யாரையும் ஏமாற்ற முடியாத மொழி. அதைப் படித்துவிட்டால் இந்த வயதில் இன்னொரு தடவை அரைக்கால் சட்டை வாங்க வேண்டி வராது.

சனிக்கிழமை விரிப்பு மடிக்கும்போது ரேடியோவிடம் சொன்னார்.

“மலாய்க்கே கோடு போட்டுடலாம்னு பார்க்கிறேன்.”

அவள் முனையோடு கிட்டே வந்தாள். “மலாய்ல உங்களுக்கு யாரு இருக்கா?”

“யாரும் இல்ல.”

“பேச ஆளே இல்லாத பாஷையை வெச்சுக்கிட்டு என்ன பண்ணுவீங்க? கண்ணாடி முன்னால நின்னு பேசுவீங்களா?”

“ஜெர்மன்ல மட்டும் யாரு இருக்காங்கன்னு நினைக்கிறே?”

ரேடியோ விரிப்பை வாங்கிக்கொண்டு போய் அடுக்கில் வைத்தாள். இரண்டு விரிப்பு மடித்த பிறகு, “அந்தப் புள்ளைகிட்டயே கேட்டிருக்கலாம்ல?” என்றாள்.

“என்னன்னு கேக்கிறது? என்னையும் கூட்டிட்டுப் போறீங்களான்னா? ஒரு ஆள் வாயைத் திறந்து கேக்கிற விஷயமா அது?”

“கேக்காம இருந்து என்னத்தைக் கண்டீங்க?”

அது அவரைத் தைத்தது. யோசித்துப் பார்த்தால், தன்னைச் சேர்த்தாயிற்றா என்று அவர் வாழ்நாளில் யாரிடமும் கேட்டதில்லை. கேட்கத் தேவை வராமல் அவருடைய மொழியே காப்பாற்றி வந்திருந்தது.

ஞாயிறு மத்தியானம் போன் வந்தது. கடலுக்குப் போகுமுன் கடைசி போன். குழந்தைதான் முதலில் பேசினாள். ஏதேதோ சொன்னாள். வாளி, மண், தம்பி, மீன் என்று துண்டு துண்டாகப் பிடிபட்டது. அவருக்குத் திடீரென்று காப்பிக் கடைப் பாடம் நினைவுக்கு வந்தது. பாலோடு வேண்டுமா, பால் இல்லாமல் வேண்டுமா? ‘ஓடு’வும் ‘இல்லாமல்’உம் அந்தப் பாடத்தில்தான் படித்தார். கண்ணை மூடிக்கொண்டு, கடவுளே என்று சொல்லிக்கொண்டு, ஜெர்மனில் கேட்டார்:

“நாம் கடலுக்குப் போகிறோம். என்னோடா, நான் இல்லாமலா?”

குழந்தை யோசிக்கவே இல்லை. “நீ இல்லாமல்” என்றாள். பிறகு, தானே விரல் விட்டு எண்ணுகிற மாதிரி, அம்மா, அப்பா, தம்பி, அப்பாவோட அம்மா, நான் என்று அடுக்கினாள். அதற்குப் பிறகு, பெரியவர்கள் யாரும் கேட்காத ஒன்றைக் கேட்டாள். “உனக்கு வர ஆசையா?”

“ஆமாம்” என்றார். அந்த மொழியில் அதைச் சொல்ல ஒரே ஒரு எழுத்துப் போதும். யா.

 பிறகு அவள், “வாரும்?” என்றாள்.

ஐம்பத்து நாலு வருஷம் தமிழ் கேட்ட காது. வாரும், வந்து சேரும் என்று யாரோ கையை நீட்டிக் கூப்பிட்டது போல அவருக்கு உடம்பு ஒரு தடவை சிலிர்த்துவிட்டது. அப்புறம்தான் வகுப்பு ஞாபகம் வந்தது. ‘வாரும்’ என்றால் ஏன். ஆசை இருந்தும் ஏன் நீ வரவில்லை என்று குழந்தை கேட்கிறாள்.

பதில் அவரிடம் தயாராக இருந்தது. கூப்பிட்டிருந்தால் வந்திருப்பேன் கண்ணு. அவ்வளவுதான் பதில். ஆனால் முதல் வருஷத்தில் சொல்லிக் கொடுத்தது நடக்கிறது, நடந்தது, நடக்கப்போகிறது, இவைதான். நடந்திருக்கும் ஆனால் நடக்கவில்லை என்பதற்கு அவரிடம் வழியில்லை. தடுமாறி, கையில் இருந்ததைக் கொண்டு சொன்னார்:

“நீங்கள் கூப்பிடுகிறீர்கள், நான் வருகிறேன்.”

அந்தப் பக்கம் ஒரே கூச்சல். “மாமா வருகிறார்! மீசை மாமா வருகிறார்!” காலடிச் சத்தம் ஓடுகிறது, கதவு ஒன்று அடித்துக்கொள்கிறது. தங்கை போனை வாங்கினாள்.

“அண்ணா, வர்றியாமே? என்ன சொன்னே அவகிட்ட?”

“ஒண்ணுமில்லம்மா. இலக்கணம் தப்பாப் போச்சு.”

“இலக்கணமா? அவ இங்க உனக்குத் தலகாணி எடுத்துட்டு வந்துட்டா.” தங்கை சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. “ஏண்ணா, நிஜமாவே வரணும்னு இருந்துச்சா?”

இப்போது கேட்டது தமிழில். தெளிவாக, ஒரு சந்தேகத்துக்கும் இடமில்லாமல். அவர், “சேச்சே. எனக்கு லீவு எங்கம்மா கிடைக்குது? நீங்க போயிட்டு வாங்க” என்றார். அரைகுறையாகத் தெரிந்த மொழியில் உண்மை வந்தது, பால் குடித்த மொழியில் பொய் வந்தது. தங்கை, “அதானே பார்த்தேன்” என்றாள். அவள் மூச்சு லேசானது இவருக்குக் கேட்டது. அவள் மேல் வருத்தம் தோன்றவில்லை. கூட ஒரு ஆளுக்கு இடம் பார்க்க வேண்டியிருந்தால் அவள் என்ன பாடுபட்டிருப்பாள்!

தங்கை திரும்பி ஜெர்மனில் ஏதோ சொன்னாள், பின்னால் குழந்தை அழ ஆரம்பித்தாள். “மாமா பொய் சொல்லிட்டாருன்னு அழறா. போன்ல பேச மாட்டாளாம். நாலு நாள்ல மறந்துடுவா, விடு” என்றாள் தங்கை.

அன்று சாயங்காலம் விளக்கேற்றக் கூட மறந்து அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தன்னைக் கடலுக்குக் கூப்பிடவில்லை என்பது இப்போது பெரிதாகத் தெரியவில்லை. உலகத்தில் ஒரே ஒரு ஜீவன் ‘உனக்கு ஆசையா’ என்று கேட்டிருக்கிறது, அதற்கு இவர் பொய்க்காரர் ஆகிவிட்டார். மலாயில் எத்தனை ‘நாம்’ இருந்தால்தான் என்ன, இந்தக் கணக்கு மலாயில் தீராதே.

திங்கட்கிழமை வேலை முடிந்ததும் நூலகத்துக்குப் போனார். டீச்சர் படிவங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“டீச்சர், ‘கூப்பிட்டிருந்தா வந்திருப்பேன்’னு எப்படிச் சொல்றது?”

“அது ரெண்டாம் வருஷம் சார். அதுவும் பாதிக்கு மேல போகணும்.” அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, “அவசரம்னா இப்பவே ஒரு சீட்டுல எழுதித் தரேனே” என்றாள்.

அவர் கொஞ்சம் யோசித்தார். “வேணாம் டீச்சர். எழுதித் தந்தா நான் அதைப் படிச்சுச் சொல்லிடுவேன். அவ திருப்பி ஒண்ணு கேப்பா. அதுக்கு யார்கிட்ட சீட்டு வாங்குவேன்?”

படிவத்தை மேஜை மேல் வைத்து நீவிவிட்டு, ஜெர்மன் இரண்டாம் வருஷத்துக்கு நேரே கோடு போட்டார். கீழே ‘எதற்காகப் படிக்க விரும்புகிறீர்கள்’ என்று ஒரு வரி விட்டிருந்தது. போன வருஷம் அதில் ‘உறவினருடன் பேச’ என்று எழுதியிருந்தார். இந்தத் தடவை ‘பதில் சொல்ல’ என்று எழுதினார்.

வகுப்பு தொடங்க இன்னும் இரண்டு மாசம் இருக்கிறது என்றாள் டீச்சர். அவருக்கோ அடுத்த வாரத்திலிருந்து மூன்று வாரம் லீவு. போகவும் இடமில்லை, வரவும் ஆளில்லை. இரண்டாம் வருஷப் புத்தகம் இப்போதே கிடைக்குமா என்று கேட்டு வாங்கிக்கொண்டார். நூலகம் மூட ஒரு மணி நேரம் இருந்தது. வாசிப்புக் கூடத்தில் நீள மேஜைக்குச் சுற்றிலும் பன்னிரண்டு நாற்காலி, எல்லாம் காலி. ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்து, பின்பாதியைப் புரட்டி, அந்தப் பாடத்தைக் கண்டுபிடித்தார். பாதிக்கு மேல் புரியவில்லை. இருந்தாலும் விரலை வைத்து ஒவ்வொரு சொல்லாக, உதடு அசைய, மெல்லச் சொல்லிப் பார்த்தார்.

புத்தகம் அடுக்கிக்கொண்டிருந்த நூலகக்காரர் தலையைத் திருப்பினார். “கூப்பிட்டீங்களா சார்? யார்கிட்ட பேசறீங்க?”

“யார்கிட்டயும் இல்லீங்க” என்றார் அவர். கொஞ்சம் வெட்கப்பட்டு, “இன்னும் இல்ல” என்று சேர்த்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து மறுபடி விரலை வைத்தார்.